மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ

மராட்டிய மாநிலத்துக் கட்கி கூட்ஸ் ஷெட்டில் காலை ஏழு மணிக்கு இருபத்தோரு வேகன்கள் வந்து நின்றன. அவை உரத்துக்கோ சிமெண்டுக்கோ வந்தவை அல்ல. எப்போதும் போல தானிய வியாபாரி ஷேட்டின் பெயரில் வந்தவையும் அல்ல. ஷிரூர் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், தாங்கள் விளைவித்த மக்காச்சோளத்தைத் தாங்களே ரயிலேற்றி நாமக்கல்லுக்கு அனுப்பத் தங்கள் சங்கத்தின் பெயரில் கேட்டு வாங்கிய வேகன்கள். நடைமேடையின் நீளத்துக்கு மூட்டைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. டிராக்டரில் கொண்டுவந்து இறக்கியவர்கள் நான்கு நாட்களாக அங்கேயே படுத்து, அங்கேயே சமைத்துக் காவல் இருந்தார்கள்.

மாலை நான்கு மணிக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். லாரி வாடகையையும் ஷேட்டின் கமிஷனையும் மிச்சப்படுத்தத்தான் இத்தனை பாடு. மிச்சப்படுவது அபராதமாகப் போனால், அந்த நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் அடுத்த அறுவடைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஷேட்டின் வாசலுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதெல்லாம் தங்கராஜுக்கு நன்றாகத் தெரியும். அவர் அந்த ஷெட்டில் மூட்டை தூக்கும் தொண்ணூறு பேருக்கு முகாதம். நம் ஊர்ப் பேச்சில் மேஸ்திரி. அப்பா வேலூரிலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். மகனுக்கு அங்கே இடம் கிடைக்காததால் தோளை நம்பிப் பிழைக்கும்படி ஆயிற்று. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவார். கும்பிடும்போது கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் தொண்ணூறு பேரும் கை கால் உருப்படியாக வீடு போய்ச் சேர வேண்டும்.

இந்த ரேக்குக்கு, அதாவது இந்தச் சரக்கு வண்டிக்கு, விதை போட்டவரும் ஒருவகையில் அவர்தான். போன வருடம் சுமன் தாய் கோகரே (மராட்டியில் 'தாய்' என்றால் அக்கா) என்ற விவசாயப் பெண் ஒருத்தி ஷெட்டுக்கு வந்து, கையில் போனை நீட்டியபடி, "இங்கே மதராசி பாஷை தெரிந்தவர் யார்?" என்று கேட்டாள். தன் சோளம் கடைசியில் போய்ச் சேரும் கோழித் தீவன மில்லின் நம்பரை எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். மறுமுனையில் இருந்தவருக்கோ தமிழைத் தவிர எதுவும் வராது. தங்கராஜ் பத்து நிமிடம் நடுவில் நின்று பேசிக் கொடுத்தார். அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் இன்று இருபத்தோரு வேகனாக வந்து நிற்கிறது.

ஆனால் ஏழே கால் ஆகியும் தொண்ணூறு பேரில் நாற்பத்தாறு பேர்தான் வந்திருந்தார்கள்.

மற்றவர்கள் எங்கே என்று விசாரிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. பதில் பைக்கில் வந்து இறங்கியது. வசந்தகுமார், ஷேட்டின் கணக்குப்பிள்ளை. தங்கராஜுக்கு மைத்துனன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி.

"இன்னா மாமா, கூட்டம் கம்மியா கீது?"

"உனக்குத் தெரியாதா மச்சான்? நீதான டெம்போ வச்சுக் கூட்டினு போன."

"ஷேட் டபுள் கூலி குடுக்கறாரு. குடோன்ல லோடு. வயித்துப் பொழப்பு, போவாம இன்னா பண்ணுவானுங்க?" வசந்தகுமார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இன்னொண்ணு சொல்லச் சொன்னாரு. இந்தச் சரக்க நீ ஏத்தினா, நாளையிலேர்ந்து ஷேட் மூட்டை ஒண்ணு கூட உன் ஆளுங்களுக்குக் கெடையாது."

"சொல்லிட்ட இல்ல? கொஞ்சம் ஓரமா நில்லு. மூட்டை மேல வுழப்போவுது."

"வெளயாடாத மாமா. அக்காகிட்ட இன்னா சொல்லுவ?"

"உங்கக்காதான் காலைல ரெண்டு இட்லி கூட வச்சு அனுப்புனா. போய் அவளையே கேளு."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வசந்தகுமார் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டான்.

சுமன் தாய் ஓடிவந்தாள். நாற்பது வயது, முழங்கைவரை சோளத் தூசி. "அண்ணா, ஆள் பாதிதானே இருக்கிறது. எங்களில் அறுபது பேர் இருக்கிறோம். நாங்களும் சுமக்கிறோம்" என்றாள் மராட்டியில்.

தங்கராஜ் தலையை ஆட்டி மறுத்தார். அந்த ஷெட்டில் பில்லா என்கிற பித்தளை அடையாள வில்லை குத்தாத தோளில் மூட்டை ஏறக்கூடாது. அது எழுதாத சட்டம். ஒரு காலத்தில் பெரிய வியாபாரிகள் பாதிக் கூலிக்கு வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, இவர்கள் பதினெட்டு நாள் பட்டினி கிடந்து வாங்கிய உரிமை. அதை மேஸ்திரியே உடைக்கலாமா? "நாங்க பாத்துக்கறோம் தாய்" என்று சொல்லிவிட்டு, பத்து வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் முதுகைக் கொடுத்தார்.

முதல் மூட்டை ஏறியதும் முழங்கால் முணுமுணுத்தது. வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொண்டார். பத்தாவது மூட்டையில் மூச்சு வாங்கியது. முப்பதாவது மூட்டையோடு போகும்போது, அவருக்கு முன்னால் போன சூர்யா என்கிற இளைஞன், "இன்னிக்கு மூட்ட இன்னாத்துக்கு இப்படிக் கனக்குது?" என்றான்.

"ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல" என்று பின்னாலிருந்து ஒருவன் கேலி செய்தான்.

"நான் தொடறதே இல்லடா, சத்தியமா!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கராஜ் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். தனக்கு வயது ஐம்பத்தேழு, கனக்கலாம். இருபத்து நாலு வயதுக்காரனுக்கு ஏன் கனக்க வேண்டும்?

நடைமேடையின் கடைசியில் வேறு யாருக்கோ வந்த சிமெண்ட் மூட்டைகள் கிடந்தன. ஆலையில் இயந்திரம் நிரப்பிய, கச்சிதமான ஐம்பது கிலோ. தங்கராஜ் போய் அதில் ஒன்றைத் தோளில் ஏற்றச் சொன்னார். நாலடி நடந்தார். இறக்கினார். பிறகு ஒரு சோள மூட்டையை ஏற்றி அதே நாலடி நடந்தார். ஐம்பது என்று சொன்ன சோள மூட்டைதான் அதிகம் கனத்தது.

கேட்டுக்கு வெளியே முகமது இஸ்மாயிலின் பழைய இரும்புக் கடை. தங்கராஜும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தோற்றவர்கள். விஷயத்தைக் கேட்டதும் இஸ்மாயில் தன் எலெக்ட்ரானிக் தராசைக் கைவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் இரண்டு பேர் இரும்போடு காத்திருந்தார்கள்.

"வாடகை இன்னா பாய்?"

"போடா. முப்பது வருசம் மூட்ட தூக்கின தோளு, அதுக்கு என் தராசு சர்டிபிகேட் குடுக்கணுமா? அதுதான் எனக்குத் தமாஷா கீது."

ஐந்து மூட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட ஐம்பது காட்டவில்லை. ஐம்பத்தொன்று நானூறு. ஐம்பத்தொன்று அறுநூறு. ஐம்பத்தொன்றரை. எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கூடுதல்.

மணி பத்து. ஆறு வேகன்கள் நிறைந்துவிட்டன. வேகனுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது மூட்டை. அப்படியானால் ஒவ்வொரு வேகனிலும் கிட்டத்தட்ட இரண்டு டன் அதிக பாரம். வழியில் எடை மேடையில் ஏறியதும் தெரிந்துவிடும். அதிக பாரத்துக்கான அபராதம் சாதாரணக் கட்டணம் போல அல்ல, பல மடங்கு. மிச்சம் பிடிக்க நினைத்தது முழுவதும் போய், கையிலிருந்தும் போகும்.

சுமன் தாய் தராசின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படித் தாய் கூடிப்போச்சு?" என்று கேட்டார் தங்கராஜ்.

"ஷேட் மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிப்பார். சாக்குக்கு, தூசிக்கு, ஈரத்துக்கு என்று. எப்படியும் கழிக்கப்போகிறார்களே என்று நாங்களே கூடப் போட்டுவிடுவோம். என் மாமனார் போட்டார். என் கணவர் போட்டார். நானும் போட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இந்தத் தடவை கழிக்க ஆள் இல்லை என்பது எங்கள் யாருக்கும் ஞாபகமே வரவில்லை, அண்ணா."

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே தவறு. அதைப் பேராசைக்காரர்கள் செய்ய மாட்டார்கள். காலம் காலமாகக் கொடுத்தே பழகிய கைகள்தான் செய்யும். கடவுள் அந்தக் கைகளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார் என்றுதான் நம்ப வேண்டும்.

ஆனால் சிரித்த ஒருவன் இருந்தான். தூணோரம் நின்ற வசந்தகுமார். "பதினஞ்சு வருசமா அந்த ஒன்றரக் கிலோவ எழுதறவனே நான்தான் மாமா. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் காலைலேர்ந்து நின்னு பாத்துனு இருந்தியா?"

வசந்தகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

விவசாயிகளில் மூத்தவரான நாம்தேவ் தாத்யா இருமினார். "ஏற்றியது ஏற்றியபடி போகட்டும். எடை போடுகிற இடத்தில் யாரையாவது பார்த்துக் கவனித்துக்கொள்ளலாம்."

சுமன் தாய் வெடுக்கென்று திரும்பினாள். "ஷேட் செய்வதையே நாமும் செய்வதற்கு இத்தனை தூரம் எதற்கு வந்தோம் தாத்யா? ஷேட்டே செய்துவிட்டுப் போகட்டுமே. அவருக்கு நம்மைவிட நன்றாக வரும்."

தங்கராஜ் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். வேகனுக்கு நாற்பது மூட்டை குறைத்தால் எடை உள்ளே அடங்கும். நிறைந்த ஆறு வேகன்களிலிருந்தும் நாற்பது நாற்பதாக இறக்க வேண்டும். மீதிப் பதினைந்தும் புதிதாக ஏற்ற வேண்டும். கையில் இருப்பது ஆறு மணி நேரம்கூட இல்லை. நாற்பத்தாறு பேரால் முடியாது.

அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வெளியாளு கை வைக்கணும். வேற வழி தெரியல. நீங்க இன்னா சொல்றீங்க?"

முதலில் எழுந்தவன் சூர்யா. "வேணாம் அண்ணே. இன்னிக்கு இவங்க நல்லவங்கன்னு வுட்டா, நாளைக்கு ஷேட் பத்து பேரக் கூட்டினு வந்து, அன்னிக்கு வுட்டியே, இன்னிக்கு வுடுன்னு கேப்பான். நீ இன்னா சொல்லுவ?"

அவன் சொன்னதில் தப்பில்லை. தங்கராஜ் கண்ணை மூடி, முருகா, ஒரு வழி காட்டு என்றார். திறந்தபோது எதிரே தெரிந்தது தினமும் பார்க்கிற காட்சிதான். மூட்டை சுமக்கிற ஒருவன் முதுகில், இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி வைக்கிறார்கள். அப்படித் தூக்கி வைப்பதற்கே பதினாறு பேர் போய்விடுகிறார்கள்.

"சரி. தோளு நம்மளுது. அத வுட வேணாம்" என்றார். "ஆனா தூக்கி வைக்கறது? அதுக்கு பில்லா வேணும்னு எப்பவாவது சொல்லிக்கிறமா? அவங்க தூக்கி வைக்கட்டும். நாம நாப்பத்தாறு பேரும் சுமப்போம்."

சூர்யா யோசித்தான். "கூலி?"

விஷயம் புரிந்த சுமன் தாய் முந்திக்கொண்டாள். "ஒவ்வொரு மூட்டைக்கும் முழுக் கூலி உங்களுக்கே. எங்கள் மூட்டையை நாங்கள் தூக்குவதற்கு எங்களுக்கு எதற்குக் கூலி?"

"அப்ப இன்னாத்துக்கு உக்காந்துனு கீறோம்?" என்று சூர்யா தலைத்துண்டை இறுக்கிக் கட்டினான்.

அதற்குப் பிறகு அந்த ஷெட் பார்த்த வேலையை அது அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்களும் ஆண்களும் இரண்டு இரண்டு பேராக நின்று தூக்கி வைத்தார்கள். ஆரம்பத்தில் கோணலாக வைத்து வசவு வாங்கினார்கள். "கழுத்துல வைக்காத மாவ்ஷி, முதுகுல! கழுத்து எங்கம்மா குடுத்தது!" என்று கத்தினான் ஒருவன். தமிழ் தெரியாத அந்த அம்மாள், "ஹோ, ஹோ" என்று சம்மதமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டையைச் சரியாக வைத்தாள்.

ஒரு மணிக்கு வேலையை நிறுத்தாமல் முறைவைத்துச் சாப்பிட்டார்கள். சுமன் தாய் சோள பாக்ரி ரொட்டியும் மிளகாய் டேச்சாத் துவையலும் ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். தூணருகே வந்ததும் வசந்தகுமார் கையிலும் இரண்டு வைத்தாள்.

"நான் ஷேட்டோட ஆளு" என்றான் அவன் மராட்டியில்.

"தெரியும். மணி ஒன்றாகிறது இல்லையா, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டான்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரிய சிக்கல் வந்தது. வேகன் ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து இருநூற்றுப் பத்து என்று எண்ணி நிறுத்துவது தாத்யாவின் பொறுப்பு. பதினேழாவது வேகனில் அவருக்குக் கணக்குத் தவறிவிட்டது. நோட்டை முன்னும் பின்னும் புரட்டி, "ஆயிரத்து நூற்று அறுபதா, இருநூற்று அறுபதா?" என்று விழித்தார். கூடினால் அபராதம். குறைந்தால் நஷ்டம். எல்லாவற்றையும் இறக்கி எண்ணினால் நான்கு மணி கட்டாயம் தாண்டும்.

"ஆயிரத்து நூத்தி எண்பத்து மூணு."

தூணருகேயிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். வசந்தகுமார் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "பதினஞ்சு வருசமா எண்ணறேன். வேணாம்னாலும் மனசு எண்ணிக்கினே இருக்குது. இன்னும் இருபத்தேழு போடுங்க."

தாத்யா தங்கராஜின் கையைப் பிடித்து இழுத்தார். "ஷேட்டின் ஆள் பேச்சைக் கேட்கிறீர்களா? பொய்யாக இருந்தால்?"

சூர்யாவின் கண்ணிலும் அதே கேள்வி. தங்கராஜ் மைத்துனனைப் பார்த்தார். காலையில் சிரித்தவன் இவன்தான். சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டவனும் இவன்தான். மனிதனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த ஆளைக் கூப்பிடுகிறோமோ அவன்தான் எழுந்து வருவான் என்பது தங்கராஜின் நம்பிக்கை.

"இருபத்தேழு போட்டு கதவ மூடு" என்றார். "மச்சான், மீதி நாலு வேகனும் நீயே எண்ணு. தூரமா நின்னு எண்ணாத. இங்க கிட்ட வா."

வசந்தகுமார் ஹெல்மெட்டைத் தூணடியில் வைத்துவிட்டு வந்தான்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசிக் கதவு மூடிச் சீல் வைக்கப்பட்டது. நடைமேடையில் எண்ணூற்று நாற்பது மூட்டைகள் மிஞ்சிக் கிடந்தன. வண்டி புறப்பட்டபோது ஒருவருக்கும் கைதட்டத் தெம்பில்லை. அப்படி அப்படியே சாய்ந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எடை மேடையிலிருந்து செய்தி வரும்வரை போகப்போவதும் இல்லை.

இதற்கிடையே வசந்தகுமாரின் போன் அடித்தது. அவன் நாலடி தள்ளிப்போகவில்லை. அங்கேயே நின்று பேசினான்.

"ஆமா ஷேட், போயிடுச்சு... நேரத்துக்குள்ளதான்... மிஞ்சினது எண்ணூத்தி நாப்பது கீது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "அவ்ளோ கம்மி ரேட்டுக்கா வாங்கறது? கேக்கவே வேணாம் ஷேட், குடுக்க மாட்டாங்க. கேட்டா நமக்குத்தான் அசிங்கம்... இல்ல, நான் எங்கயும் போவல. இங்கதான் நின்னேன். எண்ணிக் குடுத்தேன்."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. வசந்தகுமார் போனைக் காதிலிருந்து எடுத்து, அணைத்து, சட்டைப் பையில் போட்டான். "நாளைக்கு எனக்கும் வேல இல்ல மாமா" என்றான். "அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா ஏசுவா."

"ஏசட்டும். ஏசிட்டு சோறு போடுவா."

ஆறரை மணிக்குச் சரக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்: இருபத்தோரு வேகனும் எடைக்குள்தான் இருக்கிறது. பதினேழாவதும். தாத்யா எழுந்துபோய் வசந்தகுமாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

சுமன் தாய் மிஞ்சிய மூட்டைகளை டிராக்டரில் ஏற்றச் சொன்னாள். "ஊருக்குத் திரும்பட்டும். எல்லா மூட்டையையும் பிரித்துச் சரியாக ஐம்பதுக்குக் கட்டுவோம். ஒன்றரைக் கிலோ இனிமேல் எங்கள் வீட்டிலேயே இருக்கும்." அலுவலகத்துக்குள் போய் அடுத்த ரேக்குக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். தேதி பதினெட்டு. மூட்டை ஏற்றுபவர் என்ற இடத்தில் தங்கராஜின் டோளி, அதாவது அவருடைய ஆட்கள்.

ஒரு ரேக் வந்தால் ஒரு நாள் கூலி. மாதத்தின் மற்ற நாட்களுக்கு என்ன செய்வது என்று தங்கராஜுக்கு அப்போது தெரியாது. ஷேட் சொன்னதைச் செய்கிறவர். ஆனாலும் பயம் வர வேண்டிய இடத்தில் பசிதான் வந்தது.

கேட்டைத் தாண்டும்போது, இஸ்மாயிலின் கடையோரம் ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது. காலையில் டெம்போவில் போன நாற்பத்து நான்கு பேர். டபுள் கூலி கையில் இருந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட வந்த சூர்யா வாயைத் திறப்பதற்குள் தங்கராஜ் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"பதினெட்டாந்தேதி இவங்களோட அடுத்த ரேக்கு" என்றார் அந்தக் கூட்டத்தைப் பார்த்து. "ஏழு மணிக்கு வந்துடுங்க. இந்தத் தடவ லேட்டா வந்தா பில்லாவப் புடுங்கிடுவேன்."

நாற்பத்து நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் மட்டும் தயங்கி, "அண்ணே, ஷேட் கூப்டா?" என்று கேட்டான்.

"ஷேட்டுக்கு மூட்ட தூக்கணும்னா அவரும் பதினேழாந்தேதியோ பத்தொம்பதாந்தேதியோ கேக்கட்டும்" என்றார் தங்கராஜ். "அன்னிக்கு நம்ம ஆளு சும்மா இருந்தா பாக்கலாம்."